ஏற்காட்டில் ப்ளேன் நடுவானில் ஆஃப் ஆகுது, அவசரம்

வெள்ளைவிங்:
வணக்கம். சேலத்துல ஒரு தொந்தரவும் இல்லாம பறந்த என் ரிமோட் கண்ட்ரோல் மாடல் ப்ளேன், ஏற்காடு கொண்டு வந்ததும் மேல போய் 3, 4 நிமிஷத்துல பவர் சுத்தமா போயிடுது. தரையில ஃபுல் த்ராட்டில் வச்சா நல்லாத்தான் ஓடுது. இறக்கிட்டு மறுபடி போட்டா உடனே ஓடுது. மேல போனா அதே கதை. நாளைக்கு மதியம் கீழ இறங்கணும், அதுக்குள்ள சரி பண்ணணும். யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

லிப்போதம்பி:
பேட்டரிதான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். மலைக் குளிர்ல லிப்போ பேட்டரியோட உள்தடை ஏறிடும். த்ராட்டில் ஏத்தினதும் வோல்டேஜ் படுத்துடும், செல்லுக்கு 3.2 வோல்ட் பக்கம் வந்தா இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) மோட்டாரைக் கட் பண்ணிடும். இறக்கினா லோடு இல்ல, வோல்டேஜ் எழும்பிடும், அதான் உடனே ஓடுது. எத்தனை செல், எத்தனை சி (டிஸ்சார்ஜ் ரேட்டிங்)?

கருப்பூர்_பால்சா:
எலக்ட்ரிக்னு அவர் எங்கங்க சொன்னார்?

நைட்ரோ_அண்ணாச்சி:
மேலே ஒட்டி வச்சிருக்கிற இழையை ஒருத்தரும் படிக்கிறதில்ல. என்ன என்ஜின், என்ன ப்ராப் (ப்ரொப்பல்லர்), என்ன ஃபியூயல், டேங்க் எங்க இருக்கு, ஆஃப் ஆகும்போது சத்தம் எப்படி இருந்துச்சு. இது எதுவும் இல்லாம "பவர் போயிடுது"ன்னா, ஜோசியம்தான் பார்க்கணும்.

வெள்ளைவிங்:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். .46 (கன இஞ்ச்) டூ ஸ்ட்ரோக் க்ளோ என்ஜின், மெத்தனால் ஃபியூயல். ஹை விங் ட்ரெய்னர் (இறக்கை மேல இருக்கிற, பழகுறதுக்கான ப்ளேன்), 2.5 கிலோ. 11×6 ப்ராப். ஃபியூயல்ல 10 சதவீத நைட்ரோ. டேங்க் 300 மில்லி. மலைக்குன்னு நீடிலை (ஃபியூயல் அளவைக் கட்டுப்படுத்துற திருகு) கொஞ்சம் மூடினேன்.

நைட்ரோ_அண்ணாச்சி:
"கொஞ்சம்"னா எத்தனை க்ளிக்? இதான் கேஸ். தரையில உச்ச ஆர்.பி.எம். வர்ற வரைக்கும் மூடி, அங்கேயே விட்டிருப்பீங்க. பறக்கும்போது ப்ராப் மேல லோடு குறையும், ஆர்.பி.எம். இன்னும் ஏறும், கலவை லீன் ஆகி (ஃபியூயல் குறைஞ்சு, காத்து ஜாஸ்தியாகி), சூடேறி நின்னுடும். உச்சத்தைப் பிடிச்சதும் அங்கிருந்து 300 ஆர்.பி.எம். இறங்குற வரைக்கும் திறக்கணும். டேக்கோமீட்டர் இல்லன்னா ஃபுல் த்ராட்டில்ல ஃபியூயல் ட்யூபை ஒரு நொடி கிள்ளி விடுங்க. சத்தம் கொஞ்சம் ஏறினா சரி. ஏறாம அப்படியே அடங்கினா லீன்.

காப்பித்தோட்டம்:
ஃபியூயல் எவ்வளவு பழசு? மூடி சரியா இல்லாத கேன்னா மெத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். இங்க பனி இறங்கினா கேட்கவே வேண்டாம். புது கேன் போட்டுப் பாருங்க. ப்ளக்கையும் கழட்டிப் பாருங்க. கம்பி வெளுத்து, முறுக்கிக்கிட்டு இருந்தா லீன். ஈரமா, பளபளன்னு இருந்தா ரிச், அதாவது ஃபியூயல் ஜாஸ்தி.

லிப்போதம்பி:
நீடில், ப்ளக், ஈரம், ஃபியூயல்ல கலக்கிற விளக்கெண்ணெய்... இதுக்குத்தான் எலக்ட்ரிக். உயரம் ஏறினா என்ஜினுக்கு மூச்சு முட்டும், மோட்டாருக்கு மூச்சே கிடையாது. அதுவும் 2024-ல கள்ளக்குறிச்சி சாராயத்துல மெத்தனால் கலந்து அத்தனை பேர் செத்ததுக்கு அப்புறம் அந்தப் பேரைக் கேட்டாலே கடைக்காரர் மேலயும் கீழயும் பார்க்கிறார். 2.5 கிலோ ப்ளேனுக்கு, கிலோவுக்கு 220 வாட்ஸ்னு வச்சா 550 வாட்ஸ் போதும். 4 செல்லுல 38 ஆம்ப். 650 - 700 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஆர்.பி.எம்.) மோட்டார், 60 ஆம்ப் இ.எஸ்.சி., 4000 எம்.ஏ.ஹெச். பேக். முடிஞ்சது.

நைட்ரோ_அண்ணாச்சி:
தம்பி, மோட்டாருக்கு மூச்சு வேண்டாம், ப்ராப்புக்கு? அதுவும் அதே காத்தைத்தானே தள்ளணும். சேலம் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர் பக்கம். அழுத்தத்தை மட்டும் பார்த்தா 14 சதவீதம் குறையும். மேல குளிரா இருக்கிறதால அடர்த்தி 10, 12 சதவீதம்தான் குறையும். அதே ப்ராப்புல எலக்ட்ரிக்கோட த்ரஸ்ட்டும் குறையத்தான் செய்யும். உங்க 4000 பேக்ல 80 சதவீதம்னா 3200. 38 ஆம்ப் இழுத்தா 5 நிமிஷம். என் 300 மில்லி டேங்க் 10 நிமிஷம் தாண்டும். காலியானா ரெண்டே நிமிஷத்துல ரொப்பிட்டுக் கிளம்பலாம். நீங்க கார் பேட்டரியில சார்ஜர் மாட்டிட்டு உட்கார்ந்திருங்க.

லிப்போதம்பி:
38 ஆம்ப் ஃபுல் த்ராட்டிலுக்கு அண்ணாச்சி. ட்ரெய்னரை யாரு முழு நேரமும் ஃபுல்ல ஓட்டுறா? பாதி த்ராட்டில்ல 8, 9 நிமிஷம் வரும். அப்புறம், காத்து மெலிசானா மோட்டார் இழுக்கிற ஆம்ப்பும் குறையும். அந்த மிச்சத்துல ப்ராப்பை ஒரு இஞ்ச் பெருசாக்கினா போன த்ரஸ்ட் திரும்ப வந்துடும். உங்க .46-க்கு உற்பத்தியாகிற பவரே குறைஞ்சு போச்சு, அதை ப்ராப் மாத்தி எப்படி மீட்பீங்க?

நைட்ரோ_அண்ணாச்சி:
10 நைட்ரோவை 15 ஆக்கினா கொஞ்சம் மீட்கலாம்.

லிப்போதம்பி:
"கொஞ்சம்" 😄 எத்தனை க்ளிக்?

கருப்பூர்_பால்சா:
ரெண்டு பேரும் ஒன்னை விட்டுட்டீங்க. எதைப் போட்டாலும் இறக்கைக்குக் காத்து அதே காத்துதான். மேல ஸ்டால் வேகம் (இதுக்குக் கீழ போனா ப்ளேன் விழுந்துடும்) 5, 6 சதவீதம் கூடும், இறங்கும்போது ப்ளேன் தரை மேல வேகமா ஓடும். இங்க சமமான இடம் எத்தனை அடி கிடைக்கும்? அதுல தடுக்கி மூக்கு குத்துறவங்கதான் ஜாஸ்தி.

கொங்கு_க்ளைடர்:
வெள்ளைவிங், மூணு கேள்வி. 1) மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டேங்கை ரொப்பினீங்களா, இல்ல மிச்ச ஃபியூயல்லயே ஓடுச்சா? 2) ஆஃப் ஆகும்போது ப்ளேன் ஏறிட்டிருந்துச்சா, சமமா போயிட்டிருந்துச்சா? 3) பால்சா சொன்ன மாதிரி எப்பவாச்சும் மூக்கு குத்துச்சா?

வெள்ளைவிங்:
ஒவ்வொரு தடவையும் ரொப்பிட்டுத்தான். ஏறும்போதுதான் ஆஃப் ஆச்சு. இங்க வந்து முதல் லேண்டிங்ல ஒரு கல்லுல மாட்டி மூக்கு குத்துச்சு, ஆனா ப்ராப் கூட உடையல, அதனால சொல்லல. நீடில் 4 க்ளிக்.

கொங்கு_க்ளைடர்:
அப்ப டேங்குக்குள்ள பாருங்க. மூக்கு குத்தும்போது க்ளங்க் (ஃபியூயலை உறிஞ்சுற ட்யூபோட நுனியில இருக்கிற எடை) முன்னாடி பாய்ஞ்சு, சிலிக்கான் ட்யூப் மடங்கி, டேங்கோட முன்பக்கத்திலேயே மாட்டிக்கும். வெளியில ஒரு கீறல் கூட இருக்காது. டேங்க் நிறைஞ்சிருக்கிற வரைக்கும் தெரியாது, க்ளங்க் எங்க இருந்தாலும் ஃபியூயல்ல முங்கித்தான் இருக்கும். மூணுல ஒரு பங்கு தீர்ந்ததும் ப்ளேன் ஏறினா ஃபியூயல் பின்னாடி போயிடும், க்ளங்க் முன்னாடி வெறும் காத்தை உறிஞ்சும். தரையில நிறைஞ்ச டேங்கோட சமமா வச்சு சோதிச்சா நல்லாத்தான் ஓடும்.

என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலேயே பார்க்கலாம். டேங்க்ல பாதி ஃபியூயல் வச்சு, கார்புரேட்டர்ல இருந்து ட்யூபைக் கழட்டி, மூக்கை மேல தூக்கிப் பிடிச்சு சிரிஞ்சால இழுங்க. ஃபியூயல் விடாம வரணும். நுரையும் காத்துமா வந்தா க்ளங்க்தான். ப்ளேனை முன்னும் பின்னும் சாய்ச்சா க்ளங்க் டொக்குனு தட்டுற சத்தமும் கேட்கணும்.

அதான்னா டேங்கை வெளியில எடுத்து, வாயை அடைச்சிருக்கிற ஸ்டாப்பரோட ஸ்க்ரூவைத் தளர்த்திக் கழட்டுங்க. புது சிலிக்கான் ட்யூப் போடுங்க, பின் சுவத்துக்கு 5, 6 மில்லிமீட்டர் முன்னாடியே க்ளங்க் நிக்கிற நீளம். ட்யூபுக்கு நடுவுல 25 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்னு செருகிடுங்க, அப்புறம் முன்னாடி மடங்காது. ரெண்டு முனையிலயும் க்ளங்க் ஆடுற அளவுக்கு சிலிக்கான் மிச்சம் இருக்கட்டும். மாட்டினதும் மத்த ட்யூப்களை அடைச்சுட்டு, தண்ணியில முக்கி ஊதிப் பாருங்க. ஸ்டாப்பர் ஓரமா குமிழி வந்தா ஸ்க்ரூ இன்னும் இறுகணும்.

நைட்ரோ_அண்ணாச்சி:
க்ளங்க்காவும் இருக்கலாம். ஆனா 4 க்ளிக் ஜாஸ்தி. இந்த உயரத்துக்கு ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு.

காப்பித்தோட்டம்:
அந்த கேன் எவ்வளவு பழசுன்னு இன்னும் சொல்லல.

லிப்போதம்பி:
எலக்ட்ரிக்ல டேங்கே கிடையாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

வெள்ளைவிங்:
க்ளங்க் மடங்கித்தான் இருந்துச்சு. பித்தளை கிடைக்கல, ட்யூப் மட்டும் மாத்தினேன். 9 நிமிஷம் பறந்துச்சு. எல்லாருக்கும் நன்றி. கிளம்பறோம்.

கொங்கு_க்ளைடர்:
சந்தோஷம். சேலத்துல பறக்க விடறதுக்கு முன்னாடி அந்த 4 க்ளிக்கைத் திரும்பத் திறந்துடுங்க. கீழ காத்து அடர்த்தி ஜாஸ்தி, இப்ப இருக்கிற செட்டிங் அங்க ரொம்ப லீன். ப்ளக் போனா பரவாயில்ல, பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ஞ்சா புது என்ஜின் வாங்குற செலவு வரும். பித்தளைத் துண்டையும் மறக்காம போடுங்க.

கொங்கு_க்ளைடர்:
வெள்ளைவிங், பார்த்தீங்களா?