குடும்பக் குழுவில் வினுவின் பின் டயர்

வினு: [படம்]
என் பைக் பின் டயர் இது. நடுவில் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது, இரண்டு ஓரமும் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. மழை முடிகிற வரைக்கும் ஓட்டலாமா?

தக்கலை சித்தப்பா: காற்று எவ்வளவு வைக்கிறாய் மக்களே?

வினு: முன்னாலும் பின்னாலும் 40 சித்தப்பா. கல்லு மாதிரி இருந்தால்தான் மைலேஜ் கிடைக்குமாம்.

குலசேகரம் அத்தான்: சொன்னவன் டயர் வாங்கித் தருவானா 😄
காற்று கூடினால் டயர் நடுவில் புடைக்கும், அப்புறம் ரோட்டில் உரசுவது அந்த நடு மட்டும்தான். நீ தினமும் மார்த்தாண்டம் நாகர்கோவில் என்று நேர் ரோட்டில் போகிறவன், நடு கொஞ்சம் முந்தித் தேயத்தான் செய்யும், ஆனால் இப்படிப் பட்டையாகத் தேய்ந்தது காற்றால்தான். பின்னால் ரப்பர் ஷீட் கட்டி ஓடுகிற எங்கள் வண்டிகளில் கதை நேர் எதிர். பாரம் இருக்கும், காற்று இருக்காது, இரண்டு ஓரமும் தேய்ந்து நடு தப்பியிருக்கும், இறங்கித் தொட்டால் டயர் சுடும்.

வினு: அப்போ எவ்வளவுதான் வைக்க?

குலசேகரம் அத்தான்: செயின் கவர் பக்கம் ஸ்டிக்கர் பார். 100 சிசி வண்டிக்குப் பெரும்பாலும் முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28 பக்கம் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு மட்டும் கூட்ட வேண்டும், அந்தக் கணக்கும் அதிலேயே இருக்கும். டயர் மேலேயே எழுதியிருக்கும் மேக்ஸ் நம்பரைப் பார்த்து அடிக்காதே, அது அந்த டயர் தாங்குகிற உச்சம்.

தக்கலை சித்தப்பா: காலையில் வண்டி எடுத்ததுமே பக்கத்துப் பம்பில் பார்த்துவிடு. ஓடிச் சூடான டயரில் மீட்டர் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்து கிடக்கும்.

லதா அக்கா: நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே

குலசேகரம் அத்தான்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அக்கா. காசு மிச்சம். வால்வு மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சந்தேகம் இருந்தால் வால்வு வாயில் ஒரு துளி எச்சில் தொட்டு வையுங்கள், குமிழ் வந்தால் கசிகிறது.

லதா அக்கா: சீ 🤦‍♀️

தக்கலை சித்தப்பா: வினு, டயர் ஓரத்தில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

வினு: [படம்]
நடுவில் சமமாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் மேடு கீழேதான்.

தக்கலை சித்தப்பா: ஓரம் எதற்கு? நீ பிரேக் பிடிக்கும்போது ரோட்டில் இருப்பது நடுதான். தண்ணீரை விலக்கப் பள்ளம் இல்லாவிட்டால் ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு போனால் வடகிழக்கு வந்து நிற்கும், நீ எந்த மழை முடியக் காத்திருக்கிறாய்? இந்த வாரமே மாற்று.

லதா அக்கா: என் ஸ்கூட்டர் டயரில் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, எனக்குக் கவலை இல்லை

குலசேகரம் அத்தான்: டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், படித்துச் சொல்லுங்க.

லதா அக்கா: 1516

குலசேகரம் அத்தான்: 2016இல் பதினைந்தாவது வாரம் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்துபோகும். பக்கத்தில் நகத்தால் கீறினது மாதிரி வெடிப்பு இருக்கிறதா பாருங்க.

லதா அக்கா: இருக்கிறது 😐 நிறைய

தக்கலை சித்தப்பா: சரி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் இங்கே கொண்டு வாருங்கள், நம் கடையிலேயே மாற்றலாம். வினு, ட்யூபும் புதிதாகப் போடு, நீண்டுபோன பழைய ட்யூப் புது டயருக்குள் மடியும்.

குலசேகரம் அத்தான்: பழைய ட்யூபைக் கடையில் விட்டுவிடாதே வினு, எனக்கு ஷீட் கட்ட வேண்டும்