ஐந்தாண்டுத் திட்டத்தில் ஊர்க்காரர்களை எப்படிச் சேர்ப்பது?

தெங்குவிளை எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். 2025 ஜனவரியில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர் பொறுப்பு. அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை வாசிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், டீ வடையோடு முடிந்துவிடும். இளைஞர் மன்றமும் மகளிர் குழுக்களும் சேர்ந்து, அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன வேண்டும் என்று வார்டு வார்டாகக் கேட்டுத் திட்டத்தில் ஏற்றப் பார்க்கிறோம். கூட்டம் போட்டால் அதே பத்து முகம், அதே காங்கிரீட் ரோடு கோரிக்கை. எங்கிருந்து பிடிப்பது?

குளத்துமடை:

முதலில் பணத்தைச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று மட்டும் கேட்டால் ரோடுதான் வரும். 15வது நிதி ஆணைய மானியத்தில் 2021–26 காலத்துக்கு 60 சதவீதம் கட்டுண்ட நிதியாக, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும் செலவிடும் பணமாக, இருந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேமிப்புக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம்தான் ஊர் விருப்பமாக இருந்தது, அதிலும் சம்பளம் போட முடியாது. அந்தக் கணக்கில் பத்து லட்சம் வந்தால் தண்ணீருக்கு மூன்று, கழிவுக்கு மூன்று, மற்ற எல்லாவற்றுக்கும் நான்கு. இதை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால், நாலு லட்சத்துக்கு எத்தனை மீட்டர் ரோடு என்று ஊரே கணக்குப் போடும். 2026 ஏப்ரலிலிருந்து 16வது ஆணையத்தின் காலம். அதற்கான அரசாணையை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்த விகிதத்தையே சார்ட்டில் போடுங்கள்.

அடுத்தது நேரம். ரப்பர் பக்கம் விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போனவர்கள், பால் எடுத்து ஷீட் அடித்துக் கைகழுவ மதியம் ஆகிவிடும். பதினொரு மணிக் கூட்டத்துக்கு அவர்கள் வரவே முடியாது. ஞாயிறு காலை ஆராதனை. ஞாயிறு மாலை மூன்றரைக்கு மேல் வையுங்கள். இடம் அங்கன்வாடி அல்லது பள்ளி. கோயில் மண்டபமோ சர்ச் ஹாலோ எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம், பாதி ஊர் வாசலோடு நின்றுவிடும்.

வார்டு முழுக்க ஒரே கூட்டமும் வேண்டாம். முப்பது நாற்பது வீட்டுக்கு ஒன்று போதும். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள்: சானல் (கால்வாய்), குளம், கிணறு, குழாய், இருட்டான முக்கு. போட்டு முடித்ததும் ஆளுக்கு ஐந்து வித்து. பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு ரப்பர் விதை. எது முக்கியமோ அதன்மேல் வைக்கட்டும். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஆண்கள் விதை ரோட்டிலும் பெண்கள் கொட்டை தண்ணீர்க் குழாயிலும் குவிவது வாடிக்கை. ஒன்றாகக் கூட்டினால் அந்த வித்தியாசம் காணாமல் போகும். கலைக்கும் முன் போட்டோ எடுங்கள், ஒரு மழை போதும் எல்லாம் அழிய.

சானல்கரை:

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் அது முன்பாதிதான். பாதிக்கு மேல் கோரிக்கைகள் சாவது எழுத்தில். "குளத்தைத் தூர்வார வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தக் குளம், எந்தச் சர்வே எண், யாருடையது? அ பதிவேடும் (சர்வே எண் வாரியாக நில விவரம்) புலப்படமும் (நில அளவை வரைபடம்) முதலில் எடுங்கள். அ பதிவேட்டு விவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (குளத்து நீர் பாயும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். கோதையாறு பாசனம் ஓடும் நம்ம மாவட்டத்தில் அந்த அளவை மட்டும் நம்பாமல் பதிவேட்டில் உறுதி செய்யுங்கள். நீர்வளத்துறைக் குளத்தில் ஊராட்சிப் பணத்தைப் போட முடியாது, அந்தத் துறையைக் கேட்டுத்தான் தீர்மானம் போட வேண்டும்.

குளத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். வரத்துக்கால் (குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) எங்கே பிரிகிறது, எங்கே அடைபட்டது என்று நடந்து பாருங்கள். ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுவிட்டு வரத்துக்காலை அப்படியே விட்டால் அடுத்த வருடம் பழைய கதைதான்.

ஐந்தாண்டுத் திட்டம் என்றால் நீர்மட்டக் கணக்கு வேண்டும். வார்டுக்கு இரண்டு கிணறு குறித்து, ஏப்ரல் கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் கிணற்று வாயிலுள்ள துலாக்கல்லில் இருந்து தண்ணீர் வரை கயிறு விட்டு மீட்டரில் எழுதுங்கள். அளக்கும் அன்று காலை மோட்டார் ஓடியிருக்கக் கூடாது. இரண்டு பருவமழையும் வாங்கும் ஊரில் நவம்பர் அளவே வருடா வருடம் இறங்கினால், புது போர்வெல் கேட்பவர்களிடம் பேச அந்த ஒரு தாள் போதும்.

தீர்மானத்தில் "பரிசீலிக்கலாம்" என்ற சொல் வர விடாதீர்கள். பணி, இடம், சர்வே எண், நீளம், எந்த ஆண்டு, எந்த நிதி, எல்லாம் இருக்கட்டும். உங்கள் மக்கள்தொகைக்குக் கிராம சபைக் குறைவெண் (கோரம், குறைந்தது வர வேண்டிய ஆள்) 200 பேர் (3001 முதல் 10,000 வரை அதுதான், அதற்கு மேல் 300). ஆள் குறைவாக நடந்து, பிற்பாடு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினால் யாராவது ஒருவர் எதிர்த்தாலே தீர்மானம் ஆட்டம் காணும்.

கடலோரன்:

கடற்கரை ஊராட்சிகளுக்கு ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் கரையில் கிடைப்பது பெரும்பாலும் தடைக்காலத்தில்தான். மற்ற மாதங்களில் கூட்டம் போட்டுவிட்டு "ஆண்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று எழுதாதீர்கள். அன்பியக் கூட்டங்களில் (கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குழுக்கள்) அறிவிப்பு கொடுத்தால் வீடு தவறாமல் சேரும். ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தைப் பொது இடத்தில் தனியாக வையுங்கள், மீன் விற்கும் பெண்களின் சந்தை நேரம் பார்த்து.

மேட்டுக்கடை:

நாங்கள் பேரூராட்சி. எங்களுக்குக் கிராம சபையே கிடையாதே?

சானல்கரை:

கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறக் கணக்கில்தான், ஆகவே இது பலருக்கும் உள்ள கேள்வி. 2022 விதிகளின்படி பேரூராட்சிக்கு ஏரியா சபை, வார்டு கமிட்டி. கவுன்சிலரிடம் உங்கள் வார்டு எத்தனை ஏரியாவாகப் பிரிக்கப்பட்டது, பிரதிநிதி யார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு. முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால் அது தனி வழி: ஆட்சேபணையைக் கெடு தேதிக்குள், சர்வே எண்ணோடு கொடுக்க வேண்டும். வாயால் சொன்னதை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

தெங்குவிளை:

நன்றி. அக்டோபர் 2-ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணினால் எப்போது தொடங்க வேண்டும்?

குளத்துமடை:

ஜூலை முதல் வாரம். அந்த மாதம் பதிவேடு, புலப்படம், பணக் கணக்கு. ஆகஸ்டு முழுக்கச் சின்னக் கூட்டங்கள். ஆகஸ்டு 15 சபையில் அதுவரை வந்த முதல் பட்டியலை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், யாராவது மறுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். செப்டம்பரில் ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு. இங்கேதான் வழக்கமாகத் தாமதம், இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பின் வறுமைக் குறைப்புத் திட்டமும் அதே மாதம் சேர வேண்டும், அது தனியாகத் தயாராகித் தனியாகவே கிடந்துவிடும்.

சபை முடிந்ததும் ஊராட்சிச் செயலர் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் (ஊராட்சித் திட்டங்களைப் பதியும் அரசு இணையதளம்) ஏற்றும்போது பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். தளத்தில் ஏறாத பணிக்கு நிதி ஆணையப் பணம் எடுக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் "வரத்துக்கால் சீரமைப்பு 340 மீட்டர்" என்று இருந்ததைத் தளத்தில் வெறும் "பாசனம்" என்று ஏற்றிவிட்டால், அடுத்த வருடம் வேறு ஏதோ வேலைக்கு அந்தத் தலைப்பு போய்விடும்.