அம்பாசடர் மார்க் 4: நைட்டு நிறுத்துனா காலைல பேட்டரி காலி

மதுரை_மார்க்4:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டுன 82 மாடல் அம்பாசடர் பெட்ரோல் வண்டி, பகல் பூரா எத்தனை தடவை ஆஃப் பண்ணிப் போட்டாலும் செல்ஃப் ஒரே சுத்துல எடுக்குது ஆனா நைட்டு ஷெட்டுல விட்டுட்டு காலைல சாவியத் திருப்புனா டிக்னு ஒரு சத்தம் அவ்ளோதான், தெருப் பசங்கள கூப்பிட்டு தள்ள வேண்டியிருக்கு. 60 ஏஹெச் பேட்டரி, வாங்கி நாலு மாசம்தான். செக் பண்ணியாச்சு, பேட்டரி நல்லாதான் இருக்காம். அப்ப கரண்ட் எங்கதான் போகுது?

பழைய_இரும்பு:
கட்-அவுட் (இஞ்சின் நின்னதும் டைனமோவ பேட்டரிலேர்ந்து பிரிச்சு விடற சுவிட்ச்) பாயிண்ட் ஒட்டிக்கிட்டிருக்கும் தம்பி. கழட்டி எமரி பேப்பர் போட்டு தேய்ங்க.

கோவை_மீட்டர்:
அவசரப்படாதீங்க. கட்-அவுட் ஒட்டுனா விடியற வரைக்கும்லாம் தாங்காது, டைனமோ மோட்டார் மாதிரி சுத்தப் பாக்கும், பெல்ட் விடாது, சூடேறி வயர் வாடையே வந்துரும். முதல்ல உங்க வண்டில பேட்டரிய சார்ஜ் பண்றது டைனமோவா ஆல்டர்னேட்டரா?
எதுவா இருந்தாலும் அளந்து பாருங்க. சாவி ஆஃப், கதவெல்லாம் மூடிட்டு பேட்டரி நெகட்டிவ் கேபிள கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்ப்ஸ்ல போடுங்க. அப்படி இருக்கறப்ப மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிரும் (நான் ரெண்டு தடவ போக்கிருக்கேன்). மீட்டர் இல்லன்னா அதே இடத்துல ஒரு 12 வோல்ட் பல்ப், எரிஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். ஸ்டீரியோ மெமரி வயர் இழுக்கறது 20, 30 மில்லி ஆம்ப்ஸ்தான், அதுக்கு உங்க பேட்டரி படுக்க மாசக்கணக்காகும். ஒரே நைட்ல படுக்குதுன்னா 3, 4 ஆம்ப்ஸாவது ஓடணும்.

மதுரை_மார்க்4:
ஆல்டர்னேட்டர்தான் அண்ணே, மூணு வருசம் முன்னாடி மாத்துனது. மீட்டர்ல 3.8 காட்டுது!! இருக்கற ஃபியூஸ் எல்லாத்தையும் பிடுங்கிட்டேன், அப்பவும் அதே 3.8.

கோவை_மீட்டர்:
அந்த வண்டில ஃபியூஸே கொஞ்சந்தான், ஆல்டர்னேட்டர் தடி வயர் அது வழியா வராது. ஆல்டர்னேட்டர் உள்ள இருக்கற டயோடு மேல சந்தேகம் வருது, கரண்ட ஒரே பக்கம் மட்டும் விடறது அதுதான், அது போனா பேட்டரி கரண்ட் திரும்பி உள்ள ஓடும்.

பத்மினி_அக்கா:
நாளைக்கு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டர் மேல கைய வச்சுப் பாருங்க தம்பி. இஞ்சின் ஜில்லுனு இருக்கறப்ப அது மட்டும் வெதுவெதுன்னு இருந்தா டயோடு அவுட்டு. சாவி ஆஃப்ல டேஷ்போர்டுல இருக்கற சார்ஜ் லைட் லேசா எரியுதான்னும் பாருங்க, இருட்டுலதான் தெரியும். அப்புறம் பேட்டரிய கழட்டிட்டு, பேட்டரிய கழட்டாம கைய வச்சுடாதீங்க ஆல்டர்னேட்டர் வயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும், அந்த தடி வயரையும் சின்ன வயரையும் எடுத்து முனைல டேப் சுத்திட்டு மறுபடி அளங்க.

மதுரை_மார்க்4:
அக்கா, கைய வச்சேன், இட்லிச் சட்டி மூடி மாதிரி இருக்கு. வயர எடுத்ததும் 3.8 லேர்ந்து 0.02க்கு வந்துருச்சு. ஆட்டோ எலக்ட்ரீஷியன் புது ஆல்டர்னேட்டரே போட்டுரலாம்னாரு, நான் டயோடு பிளேட் மட்டும் மாத்துங்கன்னு பிடிவாதமா நின்னேன். மூணு நாளாச்சு, காலைல ஒரே சுத்து. தள்ள வர்ற பசங்கதான் டீ போச்சேன்னு மொறைக்கறானுங்க.