பெங்களூரில் உங்களுக்குக் கிடைத்த சின்னச் சந்தோஷம் எது? சொல்லுங்களேன்

ஜெயநகர்க்காரி:

மார்கழி பிறந்தால் எங்கள் தெருமுனைக்கு அவரைக்காய் வண்டி வந்துவிடும். மாகடி பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காய். நம் ஊரில் மொச்சை என்போமே, அதுதான். பனிக்காலத்துக் காய்க்கு ஒரு தனி வாசம் உண்டு. தொட்டாலே விரலில் எண்ணெய்ப் பசையாக ஒட்டிக்கொள்ளும். இங்கே அந்த வாசத்தை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள்.

நான் வேலூர்ப் பக்கம். பிதுக்கம்பருப்புக் குழம்பு எனக்குப் பிறந்த வீட்டுச் சாப்பாடு. ஆனால் காயை உரித்து, கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்குவது தனி ஆள் செய்கிற வேலையில்லை. அதனால் இங்கே வந்த புதிதில் காயை வாங்குவதே இல்லை. ஒருநாள் படியிறங்கும்போது கீழ்வீட்டு அஜ்ஜி, கன்னடப் பாட்டி, வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் தரையைத் தட்டி, "பா, கூத்கோ" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அஜ்ஜி பிதுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொட்டையைப் பிடித்து லேசாக ஓர் அழுத்து. தோல் கையிலேயே நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு போய்க் கிண்ணத்தில் விழும். பேத்தி பிதுக்கினால் பருப்பு சுவர் வரைக்கும் தெறிக்கும். அதற்கொரு சிரிப்பு. என் கன்னடமும் அவருடைய தமிழும் பாதிப்பாதிதான், ஆனால் பேச்சு நின்றதே இல்லை. எந்த வீட்டில் யாருக்குப் பிள்ளைப்பேறு, தண்ணீர் லாரி எப்போது வரும், மகன் ஏன் போன் செய்யவில்லை, எல்லாம் வரும். தோல் மொத்தமும் தெருமாட்டுக்கு.

பிதுக்கிய பருப்பை ஆளுக்குப் பாதி. அவர் வீட்டில் சாறும் (அவர்கள் ஊர்க் குழம்பு) ராகி முத்தையும் (களி உருண்டை), என் வீட்டில் குழம்பு. மத்தியானம் இரண்டு தூக்கும் மாடிப்படியில் ஏறி இறங்கும். உண்மையைச் சொன்னால், வாசலில் உட்காரும் அந்த நேரத்துக்காகத்தான் இப்போதெல்லாம் காய் வாங்குகிறேன். குழம்பு அப்புறம்தான்.

பாறைப்பிரியன்:

லால்பாக் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது கெம்பேகௌடா கோபுரம் நிற்கிற பாறை. காலை நடைக்குப் போனபோது அதன்மேல் ஒரு பெரியவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அல்சூர்க்காரர், தமிழர். "வெயில் ஏறுறதுக்குள்ள நடந்துடணும் தம்பி, செருப்பைக் கழட்டிப் பாருங்க" என்றார். கழற்றினேன். ராத்திரிக் குளிர்ச்சி கல்லில் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக ஓடுகிறது. இந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி வருஷம் என்று அவர் சொன்னபோது சட்டென்று நம்ப முடியவில்லை. அங்கே இருக்கும் பலகையைக் காட்டினார். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. அன்றிலிருந்து நானும் அந்த இடம் வந்தால் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.

மாரிக்குப்பம் ரயில்:

அவரைக்காய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கே.ஜி.எப்., அதாவது கோலார் தங்கவயல். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியுமுன் ரயில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். வெளியாட்களுக்கு இதைக் கேட்டால் பாவமாக இருக்கும். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்கால ரயிலில் எங்கள் பெட்டியை வந்து பார்க்க வேண்டும். மடியில் செய்தித்தாளை விரித்து ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் பீன்ஸ் நறுக்குவார், வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்றிவிடலாம் இல்லையா. சீசன் வந்தால் பெட்டி முழுக்க அவரைக்காய் வாசம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் நிற்பேன். ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கை நிறையக் காயை எடுத்து நீட்டினார். "சும்மாதானே நிக்கிற கண்ணு, இந்தா உரி." கொஞ்சம் நகர்ந்து இடமும் கொடுத்தார். பங்காருப்பேட்டை வருவதற்குள் என் சம்பளம், அம்மாவின் முழங்கால் வலி, தம்பியின் படிப்பு எல்லாம் அந்த பெஞ்சுக்கே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் நான் ஏறத் தாமதமானால் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பது அந்த அக்காதான்.

ஜெயநகர் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் கசகசா அரைத்து ஊற்ற வேண்டுமா, தேங்காய் மட்டும் போதுமா? எங்கள் பெட்டி இதில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வேலூர் வழக்கம் எப்படி என்று எழுதுங்கள், நாளைக்கு ரயிலில் சொல்கிறேன்.