கோவைக்கு ஸ்கைலைன் வேண்டுமா, மலை போதுமா?

பீளமேடு பையன்
நாட்டின் பெருநகரங்களை ஸ்கைலைன், அதாவது எட்ட நின்றால் வானத்தின் எதிரே ஊர் தெரியும் கோடு, அதைப் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்னால் நான் இப்படித்தான் போடுவேன்: மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா, குருகிராம், பெங்களூரு, சென்னை. மும்பையின் முதலிடத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. லோயர் பரேலில் நிற்கும் வேர்ல்டு ஒன் கட்டடம் மட்டும் 280 மீட்டர். ஹைதராபாத்தில், மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ.க்கு 2006இலிருந்து உச்சவரம்பு கிடையாது, அதனால் கோகாபேட்டைப் பக்கம் 50 மாடியைத் தாண்டி எழுப்புகிறார்கள். 1959இல் எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறந்து நாட்டுக்கே வழிகாட்டிய சென்னை இன்று கடைசியில் நிற்கிறது.

இந்தப் பட்டியலில் கோவையின் பெயரே வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மில் இருக்கிறது, பம்ப் இருக்கிறது, ஐ.டி. வந்தாயிற்று. அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலமே வந்துவிட்டது. அதன்மேல் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், பெரும்பாலும் நாலு மாடி, ஐந்து மாடிதான். நமக்கும் ஒரு ஸ்கைலைன் வேண்டாமா?

பெரியகுளத்துக்கரை
தம்பி, மீட்டர் கணக்கை வைத்து வரிசை போட்டதே தப்பு என்பேன். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. மும்பைக்கு மரீன் டிரைவ் வளைவும் கடலும் கிடைத்தன. கொல்கத்தாவில் சௌரங்கியில் ‘தி 42’ என்ற ஒற்றைக் கட்டடம், 260 மீட்டர். எதிரே மைதானம் என்ற அவ்வளவு பெரிய வெட்டவெளி இருப்பதால் அது எடுப்பாகத் தெரிகிறது. குருகிராம் சைபர் சிட்டியில் எட்ட நின்று பார்க்க இடமே இல்லை, கிட்டே போனால் கண்ணாடிதான். ஆகவே என் கணக்கில் கொல்கத்தா இரண்டாவது.

நம் ஊரில் எட்ட நின்று பார்க்கும் இடம் குளக்கரை. உக்கடம் பெரியகுளத்துக் கரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேற்கே பாருங்கள். மலைத்தொடர் ஒன்றன்பின் ஒன்றாக, பக்கத்தில் இருப்பது கறுப்பாகவும் தூரத்தில் இருப்பது நீலமாகவும் தெரியும். “மலை கறுத்துருச்சு, பாலக்காட்டுல மழை புடிச்சிருச்சு” என்று எங்கள் அம்மா வாசலில் நின்றே சொல்வார். அந்தக் கோட்டின் முன்னால் முப்பது மாடியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நமக்கு என்ன கிடைக்கும்? எந்த ஊரிலும் இருக்கும் கட்டடம் கிடைக்கும். எந்த ஊரிலும் இல்லாதது போய்விடும்.

பஞ்சாலைப் பேரன்
அண்ணா, அந்த மலைமேல் எனக்கும் ஆசைதானுங்க. ஆனால் மேலே போகாத ஊர் பக்கவாட்டில் போகும், அதையும் பாருங்கள். காளப்பட்டி, கோயில்பாளையம், சூலூர்ப் பக்கமெல்லாம் சோளக்காட்டிலும் தென்னந்தோப்பிலும் சைட் கல் நட்டாயிற்று. எங்கள் மாமா தோட்டமும் அப்படித்தான் போனது. கிணறு, தொட்டி, ஒற்றை வேப்பமரம் எல்லாம் சேர்த்து இன்று 30 அடி ரோடு. 200 குடும்பத்துக்கு ஆளுக்கு 3 சென்ட் என்றால் 6 ஏக்கர், ரோடு தனி. அதே குடும்பங்கள் அடுக்குமாடியில் ஒரு ஏக்கரில் இருந்துவிடலாம். உயரத்தை நான் கேட்பது அழகுக்காக இல்லை, மிச்சமாகும் அந்த ஐந்து ஏக்கருக்காக.

இடமும் இருக்கிறது. வேர்ல்டு ஒன் எங்கே நிற்கிறது? ஸ்ரீநிவாஸ் மில் இருந்த மனையில். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையில் மில்கள் ஒவ்வொன்றாக அடங்கிப்போய், அந்த நிலத்தில்தான் இன்றைய லோயர் பரேல் எழுந்தது. நம்மிடமும் 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கியதிலிருந்து எத்தனை மில்! லட்சுமி மில் வளாகத்தில் 2023இல் லூலு ஹைப்பர்மார்க்கெட்டே வந்துவிட்டது. எங்கள் அப்பாரு, அப்பாவுடைய அப்பா, ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் இந்த ஊருக்கு மில் புகைபோக்கிதான் அடையாளம், சங்கு ஊதுவதை வைத்துத்தான் வீட்டில் உலை வைப்பார்கள். புகைபோக்கி நின்ற இடத்தில் கட்டடம் நிற்பதால் எந்தத் தோட்டமும் அழியாது.

பல்லடம் காத்து
கொங்கு நாட்டில் வானத்தை நிறைத்து நிற்பது எது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் வாருங்கள். பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைதான். புதிதாக வருவதில் தூண் மட்டுமே 100 மீட்டருக்கு மேல், இறக்கை மேலே வரும்போது நுனி 150 மீட்டரைத் தாண்டும். பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் ஆடிக் காற்றில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து சுற்றுவதைத் தாராபுரம் ரோட்டில் ஒரு தடவை நின்று பாருங்கள். எனக்கு அதுதான் கொங்கு ஸ்கைலைன்.

பீளமேடு பையன்
காற்றாலை நல்ல பார்வை, நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அதில் மனிதர் குடியிருக்க முடியாதே. நான் பேசுவது நகரத்தை.

பெரியகுளத்துக்கரை அண்ணா, ஊர் தாழ்வாக இருப்பதற்கு மலைமேல் உள்ள மரியாதை காரணம் இல்லை. 2019இல் வந்த கட்டட விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 முழுதாக வேண்டுமென்றால் முன்னால் 18 மீட்டர் அகல ரோடு இருக்க வேண்டும். அதாவது 10 சென்ட் மனையில் 32.5 சென்ட் அளவுக்குத் தளம். நம் தெருக்களில் பாதிக்கு மேல் 30 அடியே தேறாது. அப்புறம் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, சுற்றிலும் உயரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நாமக்கல் கோட்டை
எங்கள் ஊரில் நட்டநடுவே 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை, மேலே கோட்டை. பஸ்ஸில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று எழுந்திருப்போம். மாடி எண்ணி யார் எழுந்திருக்கிறார்கள்? பெரியகுளத்துக்கரை சொல்வதே சரி.

பெரியகுளத்துக்கரை
பஞ்சாலைப் பேரன் சொன்ன தோட்டக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மும்பையைக் காட்டும்போது முழுதாகக் காட்டுங்கள். 1991இல் வந்த விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, இன்னொரு பங்கு அரசு கட்டும் வீடுகளுக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கு என்று சுருக்கிவிட்டார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பூங்காவாகியிருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த உயரங்கள் நிற்கின்றன. உங்கள் அப்பாரு மாதிரி அங்கே மில்லில் உழைத்தவர்களில் எத்தனை பேர் அந்த 280 மீட்டரில் ஏறியிருப்பார்கள்?

பஞ்சாலைப் பேரன்
அந்த மூன்றில் ஒரு பங்கை இங்கே முதலிலேயே விதியாக எழுதச் சொல்லிக் கேட்போம். அதற்காகக் கட்டவே கூடாது என்று சொல்லாதீர்கள். கிழக்கே அவிநாசி ரோட்டில், வடக்கே சத்தி ரோட்டில் ரோடு அகலம் இருக்கும் இடமாகப் பார்த்து உயரட்டும். பேரூர், வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் தாழ்வாகவே இருக்கட்டும். கிழக்கே எவ்வளவு உயர்ந்தாலும் உங்கள் குளக்கரையிலிருந்து மேற்கே பார்க்கும்போது மறைக்காது.

பெரியகுளத்துக்கரை
குளக்கரையில் நிற்பவனுக்கு மறைக்காது, சரி. சிங்காநல்லூரில் மொட்டைமாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்கு? அவரும் இன்று மருதமலையைப் பார்த்துக்கொண்டுதான் காயப்போடுகிறார்.

பஞ்சாலைப் பேரன்
அவர் பிள்ளைக்கு நாளைக்கு வீடு எங்கே அண்ணா? அன்னூர் தாண்டியா?

பீளமேடு பையன்
பட்டியலில் ஒரு திருத்தம்: கொல்கத்தா இரண்டு, ஹைதராபாத் மூன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியகுளத்துக் கரைக்குப் போய் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று படம் எடுத்து இங்கே போடுகிறேன். கோவையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.