பெர்லின்ல ஃபோ சூப்போட இலைத்தட்டு ஏன் வரலை?

கோத்தகிரிக்காரி:
மகள் மெல்போர்ன்ல, மகன் பெர்லின்ல. ரெண்டு பேர் வீட்டுக்கும் போயிட்டு வந்தாச்சு. மெல்போர்ன்ல ஃபுட்ஸ்க்ரே பக்கம் ஒரு வியட்நாம் கடைக்கு மகள் கூட்டிட்டுப் போனா. கோழி ஃபோ, அதான் அரிசி நூடுல்ஸ் போட்ட அவங்க ஊர் சூப். சூப் வர்றதுக்கு முன்னாடியே தட்டு நிறையப் பச்சை வந்துடுச்சு: முளைகட்டின பயறு, நம்ம திருநீற்றுப்பச்சிலை வாசத்துல ஒரு துளசி, எலுமிச்சை, நறுக்கின மிளகாய். மேஜையிலயே ரெண்டு சாஸ் பாட்டில். கோத்தகிரி மழைக்கு இது கிடைச்சா வேற என்ன வேணும்!

பெர்லின்ல அதையே ஆசையா கேட்டேன். வந்தது மொட்டைக் கிண்ணம். வெங்காயத்தாள், கொஞ்சம் கொத்தமல்லி, அவ்வளவுதான். இலைத்தட்டு எங்கேன்னா பரிமாறின பையன் முழிக்கிறான். காசுல மட்டும் குறைச்சலே இல்லை. அசலூர்க்காரங்கன்னு ஏமாத்திட்டாங்களா? வீட்டுக்காரர் "சும்மா சாப்பிடு"ங்கறார்.

கொடைவாசி:
அக்கா, ஏமாத்தலை. உங்களுக்கு வந்தது ஹனோய், அதாவது வட வியட்நாம் பக்குவம். நான் புதுச்சேரிக்காரன். பாரிஸ் 13-ம் வட்டாரத்துல, அவென்யூ த ஷுவாசி பக்கம் ரொம்ப வருஷம் குப்பை கொட்டிட்டு இப்ப கொடைக்கானல்ல ஓய்வு. ஃபோ கடைன்னா எந்த ஊர்னாலும் முதல்ல ஒண்ணைத்தான் பார்ப்பேன்: கடைக்காரர் குடும்பம் வியட்நாம்ல எந்தப் பக்கம், எப்பக் கிளம்பினது.

ஃபோ பிறந்தது வடக்குல. 1954-ல நாடு ரெண்டானப்ப லட்சக்கணக்கான வடக்கத்திக்காரங்க தெற்கே போனாங்க, சூப்பும் கூடவே போச்சு. தெற்கே இருக்கிற சைகோன்ல இலை தழைக்குப் பஞ்சமில்லை. பயறு, துளசி, ரம்பம் மாதிரி ஓரம் வச்ச நீளமான மல்லி இலை, இனிப்பான ஹோய்சின் சாஸ் எல்லாம் அங்கே சேர்ந்ததுதான். 1975-ல சைகோன் விழுந்ததும் படகேறினவங்க பெரும்பாலும் தெற்கத்திக்காரங்க. அவங்க குடியேறின மெல்போர்ன், சிட்னி காப்ரமாட்டா, கலிஃபோர்னியா வெஸ்ட்மின்ஸ்டர், இங்கெல்லாம் தட்டு தானா வரும். பாரிஸ்லயும் நான் சாப்பிட்டது அதே பாணிதான்.

பெர்லின் கதை வேற. கிழக்கு ஜெர்மனி 1980-ல ஹனோயோட ஒப்பந்தம் போட்டு ஃபேக்டரி வேலைக்கு ஆள் எடுத்துச்சு. வந்தவங்க பெரும்பாலும் வடக்கு. பெர்லின் சுவர் விழுந்ததும் வேலை போச்சு. நிறையப் பேர் ஊர் திரும்பிட்டாங்க, மிச்சப் பேர் கடை வச்சுப் பிழைச்சாங்க. பெர்லின் லிக்டன்பெர்க்ல இருக்கிற டோங் சுவான் சென்டர்ங்கிற மொத்த வியாபாரச் சந்தைக்கே ஹனோய் மார்க்கெட் பேர்தான். ப்ராக் நகரத்துல வியட்நாம்காரங்களோட சாபா சந்தையும் இதே வம்சம்.

அடுத்த தடவை அங்கே போனா இலையைத் தேடாதீங்க, பூண்டு ஊறின வினிகர் கேளுங்க. நம்ம மலைப்பூண்டைச் சீவிப் போட்டா எப்படி இருக்கும்னு அப்பப்ப நினைச்சுக்குவேன். அரை ஸ்பூன் விட்டாப் போதும், சூப்போட கொழுப்பு நாக்குல ஒட்டாது. எண்ணெயில பொரிச்ச நீள மாவுக்குச்சி இருந்தா அதையும் வாங்கி முக்கித் தின்னுங்க. ஒண்ணு மட்டும், எந்த ஊர்லயும் சாஸ் பாட்டிலைத் தொடறதுக்கு முன்னாடி சாறை வெறுமனே ரெண்டு வாய் குடிங்க. குடிக்காமலே சிவப்பு சாஸைப் பீச்சறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

லவ்டேல்_குளிர்:
இந்தச் சூப்பை ஊட்டில வீட்டுல வச்சுப் பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2,200 மீட்டர் உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். சமவெளி ஆளுங்க சொல்ற நேரக்கணக்கு நமக்கு ஒத்துவராது, எலும்பு லேசுல சாறு விடாது. குக்கர்தான் வழி. முதல்ல எலும்பை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. வெங்காயம், இஞ்சியைத் தோலோட நெருப்புல கருகச் சுட்டு, தட்டிப் போடணும். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு வெறும் சட்டியில வறுத்தது. வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீங்க. உள்ளே தளதளன்னு கொதிச்சுச் சாறு கலங்கிடும், தானா அடங்கட்டும். கிண்ணத்துல முதல்ல வெந்நீர் ஊத்தி வைங்க, இல்லேன்னா நம்ம குளிருக்கு மேஜைக்கு வர்றதுக்குள்ள ஆறிப்போகும்.

கோத்தகிரிக்காரி:
அண்ணா, அப்ப அந்தப் பையன் முழிச்சது நியாயம்தான்! இன்னொண்ணு: வீட்டுக்காரர் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். காய்கறி ஃபோன்னு போட்டிருந்தா நம்பிச் சாப்பிடலாமா?

கொடைவாசி:
கேட்காம நம்பாதீங்க. மேலே காய் மிதக்கும், அடியில எலும்புச் சாறா இருக்கலாம், மீன் சாஸும் விழுந்திருக்கலாம். 'சாய்'னு போர்டு போட்ட கடை இருக்கும், அது அவங்க சைவக் கடை. சந்திரக் கணக்குல மாசம் 1, 15 தேதியில வியட்நாம் பௌத்தர்கள் நிறையப் பேர் கவுச்சி தொடமாட்டாங்க, நம்ம அமாவாசை விரதம் மாதிரியே. அன்னைக்கு சாய் கடைக்குப் போறதா இருந்தா கொஞ்சம் சீக்கிரமே போங்க.