அறுபதாம் கல்யாணத்தில் படிக்க ஒரு ஸ்காட்லாந்துக் கவிதை

மூணாறுக்காரன்:
வரும் தை மாதம் எங்கள் பெற்றோருக்கு மூணாறில் அறுபதாம் கல்யாணம் நடைபெறவிருக்கிறது. கிளாஸ்கோவில் வாழும் அண்ணனின் மனைவி ஸ்காட்லாந்துப் பெண். நாள் ஜனவரி 25, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் என்பதால், மாலை மாற்றியபின் அவருடைய சிவப்பு ரோஜாப் பாடலைப் படிக்க அண்ணி விரும்புகிறார்; அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அது இச்சடங்குக்குப் பொருந்துமா? அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அலங்காரப் பேச்சு அவருக்குப் பிடிக்காது.

செங்கோட்டை வாசகி:
1794-இல் அச்சான அப்பாடலை அங்கே திருமணங்களில் படிப்பது வழக்கம்தான். ஆனால், கடல் வற்றும்வரை, பாறை வெயிலில் உருகும்வரை காதலிப்பேன் என்றவன், கடைசிப் பத்தியில் விடைபெற்றுக்கொண்டு, பத்தாயிரம் மைல் ஆனாலும் திரும்பி வருவேன் என்கிறான். நம் கணக்கில் அது குறிஞ்சியன்று, பாலை. அறுபது வயதில் பிரிவைப் பேசுவானேன்?

அதே பர்ன்ஸின் 'ஜான் ஆண்டர்சன்' பாடலைப் பாருங்கள். பழைய கொச்சைப் பாட்டொன்றை அவர் அடியோடு மாற்றி எழுத, 1790-இல் வெளிவந்தது. கிழவி கணவனிடம் பேசுகிறாள்: நாம் பழகத் தொடங்கியபோது உன் முடி அண்டங்காக்கையாய்க் கறுத்திருந்தது, இப்போது பனியாய் வெளுத்த அந்தத் தலைக்கு என் வாழ்த்து. சேர்ந்து மலை ஏறினோம், இனித் தள்ளாடி இறங்க வேண்டும், கைகோத்தே இறங்குவோம். பதினாறே வரிகள். மூணாறில் வாழ்ந்தவருக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதில் வரும் 'ஜோ' என்பது செல்லச் சொல். 'என் ராசா' என்று வைக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லையாதலால், 'ஜான்' வரும் இடத்தில் 'என்னங்க' என்றே போடுங்கள்.

தேவிகுளத்தான்:
முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, அம்மா. மலையடியில் சேர்ந்து உறங்குவோம் என்றல்லவா அப்பாடல் முடிகிறது? மங்கல நாளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சாவுக்கென்றே ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் எழுதிய 'ரெக்வியம்' என்ற கவிதை இருக்கிறது. 1894-இல் சமோவாத் தீவில் இறந்த அவருடைய கல்லறையிலேயே அதைப் பொறித்திருக்கிறார்கள். மாலுமி கடலிலிருந்து வீடு வந்துவிட்டான், வேட்டைக்காரன் மலையிலிருந்து வீடு வந்துவிட்டான் என்று அது முடியும். சென்ற ஆண்டு என் தந்தையை எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, தம்பி குடை பிடிக்க, நான் அதைத் தமிழில் படித்தேன். வேட்டைக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. 'மலைக்கு வேலைக்குப் போனவன்' என்று மாற்றிக்கொண்டேன்.

மூணாறுக்காரன்:
இருவருக்கும் நன்றி. கடைசி வரியையும் விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இறங்கும்போது முதலில் வழுக்கி விழப்போவது உன் அப்பாதான் என்று சிரித்தார். எந்த வரியையும் நீக்கப்போவதில்லை. மூலத்தை அண்ணி படிப்பார். 'என்னங்க' என்று நான் சொன்னால் நன்றாயிராது என்பதால், தமிழை அம்மாவே படிக்கிறாராம்.